நிலம் வாங்கப் போகும் தோழர்களுக்கு

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் இரண்டு சாரார் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு சாரார், முப்பது வருஷம் ஆலையில் நூலோடு போராடிவிட்டு, பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் எப்போது கைக்கு வரும் என்று நாளை எண்ணிக் கொண்டிருப்பவர்கள். மறு சாரார் நாற்று நடுகிறவர்கள், களை எடுக்கிறவர்கள், அறுப்பு அறுக்கிறவர்கள். ஆலைத் தோழருக்கு ஓர் ஆசை இருக்கிறது. கிராமத்துப் பக்கமாக மூன்று சென்ட் நிலம் வாங்க வேண்டும், ஒரு வீடு கட்ட வேண்டும், மாதம் பிறந்தால் வாசலில் வந்து நிற்கும் வீட்டுக்காரனுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் அந்த மூன்று சென்ட் எங்கிருந்து வருகிறது? வயல் தோழர் போன வருஷம் வரை நாற்று நட்ட நிலத்திலிருந்து வருகிறது. இந்த விஷயத்தை இரு சாராரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுவதற்கு இதுதான் காரணம்.

முதலில் புரோக்கர் சொல்வதைக் கேட்போம். ஞாயிற்றுக்கிழமை வேன் வருகிறது. போகிற வழியில் டிபன், திரும்பும்போது பிரியாணி. பொட்டலில் கலர் கொடிகள் பறக்கின்றன. வெள்ளைக் கல் நட்டு நம்பர் போட்டிருக்கிறது. "பக்கத்திலே காலேஜ் வருகிறது, நாலு வழிச்சாலை வருகிறது, இன்றைக்கு முன்பணம் கொடுத்தால் ஒரு விலை, நாளைக்கு வேறு விலை" என்கிறார். பட்டா இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்கிறார். அப்ரூவல்? "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது சார்." மெஷின் பக்கத்திலே நின்று காது மந்தமாகிப் போன நம் தோழர், ஜீவிதத்தில் முதல் தடவையாகத் தம்மை ஒருவர் சார் என்று அழைப்பதைக் கேட்டு அரை மனது இளகி விடுகிறார்.

நிலம் துணி மாதிரி அல்ல, தோழர்களே. கடையில் நாலு கஜம் துணி வாங்கினால் சட்டை தைக்கலாம், தலையணை உறை தைக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். நிலத்தை வாங்கும்போது அதன் தலையில் ஏறியிருக்கும் கட்டுப்பாடுகளையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். இது வயல், வீடு கட்டக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு இருக்கும். இது இன்னார் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று ஒன்று இருக்கும். இது ஏரியின் நீர் பரவும் இடம் என்று ஒன்று இருக்கும். விற்கிறவன் காசை வாங்கிக் கொண்டு போய் விடுவான். கட்டுப்பாடு நிலத்தோடு நிற்கும், நாமும் அதோடு நிற்போம்.

2016-ல் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று அந்த வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. விவசாய நிலத்தை அனுமதியின்றித் துண்டு போட்ட மனைகளைப் பதிவு செய்ய மறுக்கும்படி, பதிவுச் சட்டத்தில் 22-அ என்ற பிரிவை 2009-லேயே சட்டமன்றம் சேர்த்திருந்தது. ஏழு வருஷம் அது புத்தகத்தில் தூங்கியது! அந்த ஏழு வருஷத்தில் எத்தனை வயல்களில் வெள்ளைக் கல் ஏறியது என்பதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள். உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, 2016 அக்டோபர் 20-ந் தேதிதான் அந்தப் பிரிவு அமலுக்கு வந்தது. பெண் கல்யாணத்துக்கு மனையை விற்கலாம் என்று வைத்திருந்தவர்கள் விற்க முடியவில்லை. 2017 மே மாதம் சர்க்கார் வரன்முறை விதிகளைக் கொண்டு வந்தது. பழைய மனைகளைப் பணம் கட்டி முறைப்படுத்திக் கொள்ளலாம் என்றது. சரி, அந்தப் பணத்தைக் கட்டியது யார்? சாலையை ஒடுக்கி, பூங்காவுக்கு விட வேண்டிய இடத்தையும் விற்று விட்டுப் போன மனைப் பிரிவுக்காரர்களில் பலரை ஊரிலேயே காணோம். கையில் பத்திரம் வைத்திருந்த தொழிலாளி கட்டினான்.

சாலையை ஒடுக்குவதில் என்ன லாபம் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சாலைக்கும் பொது இடத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு போகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மீதி 29,040 சதுர அடி. 1,200 சதுர அடி மனையாகப் போட்டால் 24 மனை. பூங்காவை விழுங்கிச் சாலையையும் சந்தாக்கினால் 36,000 சதுர அடி மிஞ்சும், 30 மனை. ஏக்கருக்கு ஆறு மனை சும்மா கிடைக்கிறது! கட்டுப்பாடு என்றால் சிலருக்கு ஏன் வயிறு எரிகிறது என்பது இந்த ஆறு மனையில் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்து ஆம்புலன்ஸ் உள்ளே திரும்ப முடியாமல் தெருமுனையில் நிற்கும் அன்றைக்கு, நாம் அந்த ஆறு மனைக்கும் விலை கொடுக்கிறோம்.

ஆகவே முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். பஞ்சாயத்து அப்ரூவல் என்று தனியாக ஒன்று கிடையாது. நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி இல்லாமல் பஞ்சாயத்துத் தலைவர் மட்டும் முத்திரை குத்திக் கொடுத்த மனைப்படம் செல்லாது. ஊரமைப்புத் திட்டம் போடாத கிராமங்களில்கூட விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற அந்தத் துறையின் இசைவு வேண்டும். நஞ்சையாக இருந்தால் கலெக்டர் இசைவும் வேண்டும். திட்டம் உள்ள பகுதியானால், அந்த சர்வே நம்பர் குடியிருப்பு மண்டலமா விவசாய மண்டலமா என்று பார்க்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாக இருந்தால், 2016-ம் வருஷத்து மத்தியச் சட்டப்படி ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திலும் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு எண்ணை வேனில் ஏறுவதற்கு முன்பே கேளுங்கள். கேட்டால் சில வேன்கள் வரவே வராது.

கோவை, நீலகிரி, திண்டுக்கல் போன்ற மாவட்டங்களில் மலையடிவார ஊர்கள் பலவற்றை மலைப்பகுதி என்று அறிவித்திருக்கிறார்கள். அங்கே மனைப்பிரிவு போடத் தனியான குழுவின் அனுமதி வேண்டும். மலையைப் பார்த்த மாதிரி வீடு என்று சொன்னால், அந்த மலையைப் பற்றி சர்க்கார் புத்தகம் என்ன சொல்கிறது என்பதையும் பாருங்கள்.

இனிக் காகிதங்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், 'அ' பதிவேடு. ஒரு காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் கர்ணத்தின் வீட்டுத் திண்ணையில் இருந்தன. நம்மவன் வெயிலில் நிற்க, அவர் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டே "நாளைக்கு வா" என்பார். 1980-ல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இன்றைக்குப் பட்டாவும் 'அ' பதிவேட்டு விவரமும் வில்லங்கமும் இணையத்தில் கிடைக்கின்றன. வீட்டில் படிக்கிற பிள்ளை அரை மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்து விடும். எடுப்பதில் சிரமம் இல்லை, வாசிக்கத் தெரிய வேண்டும்.

பட்டா என்றால் சொத்துரிமைப் பத்திரம் என்று நினைக்கிறோம். அப்படி அல்ல. தீர்வை யார் பேரில் என்று சொல்லும் கணக்கு அது. சாட்சிக்கு உதவும், முடிவாகாது. வில்லங்கச் சான்று, பதிவான கொடுக்கல் வாங்கலை மட்டும் காட்டும். பதிவு செய்யாத பாகப்பிரிவினை அதில் வராது. சர்க்கார் போட்ட நிபந்தனை பெரும்பாலும் அதில் வராது. "வில்லங்கம் நில்" என்று வந்து விட்டது என்று மகிழ்ந்து போய்ப் பணத்தைக் கட்டியவர்கள் அநேகம். 'அ' பதிவேடு ரொம்ப முக்கியம். அந்த சர்வே நம்பர் நஞ்சையா புஞ்சையா, ரயத்துவாரியா சர்க்கார் நிலமா, ஓடையா, மேய்க்காலா, களமா, வண்டிப் பாதையா என்பது அதில் இருக்கும். புலப்படத்தைக் கையில் வைத்துக் கொண்டு நிலத்தில் நடந்து பாருங்கள். படத்தில் வாய்க்கால் இருந்து நிலத்தில் இல்லையென்றால், வாய்க்காலின் மேல் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

அளவிலும் குழம்ப வேண்டாம். பட்டாவில் சென்ட் இருக்காது, ஹெக்டேரும் ஏரும் இருக்கும். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட். நீங்கள் மூன்று சென்ட் வாங்கினால் ஏர் கட்டத்தில் 1.21 என்று வர வேண்டும். 1.12 என்று இருந்தால் ஏறக்குறைய கால் சென்ட் காற்றில் போய் விட்டது.

கோயில் நிலத்தை 1959-ம் வருஷத்து அறநிலையச் சட்டப்படி ஆணையர் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. வக்ஃப் நிலத்துக்கும் அதே மாதிரிக் காவல் உண்டு. பூமிதான நிலத்தைப் பெற்றவர் இஷ்டம்போல் விற்க முடியாது. நில உச்சவரம்பில் எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்த நிலத்துக்கும் நிபந்தனை உண்டு. 1961-ல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970-ல் 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று உச்சவரம்பு வந்ததற்குப் பின்னால் எத்தனை ஊர்வலம், எத்தனை சிறை! அப்படிக் கிடைத்த நிலம் ஐந்து வருஷத்தில் பழைய மிராசுதாரின் மருமகன் பேரில் போய்விடக் கூடாது என்றுதான் நிபந்தனை போட்டார்கள்.

பஞ்சமி நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் இதில்தான் நம்மவர்களே நம்மவர்களுக்குத் தீங்கு செய்கிறார்கள்.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்கள் சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாமல் அடிமைப்பட்டுக் கிடப்பதை 1891-ல் அறிக்கையாக எழுதினார். அதை ஒட்டி 1892-ல் வந்த உத்தரவின்படி அவர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. நிபந்தனை இது: பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அதே தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம். மீறினால் கிரயம் செல்லாது, சர்க்கார் நஷ்டஈடு இல்லாமல் நிலத்தைத் திரும்ப எடுக்கலாம். இத்தனை கெட்டியான நிபந்தனை இருந்தும் நிலம் கை மாறியது. விதை நெல்லுக்கு வாங்கிய கடன், கல்யாணக் கடன், கைநாட்டு வைத்த வெள்ளைக் காகிதம், இப்படியே போயிற்று. 1979-ல் தொடங்கிய யு.டி.ஆர். நில அளவைத் திட்டத்தில் புதுக் கணக்கு எழுதியபோது, பல ஊர்களில் பஞ்சமி என்ற குறிப்பே விடுபட்டுப் போயிற்று. அதனால் இன்றைய 'அ' பதிவேட்டை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் தாலுகா ஆபீசில் கேட்க வேண்டும். டி.சி. என்ற இரண்டு எழுத்து அதில் இருந்தால் அங்கேயே நிற்க வேண்டும்.

அந்த நிலத்தை மீட்கக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? 1994-ல் காரணை ஊர்ப் பஞ்சமி நிலத்துக்காக எழுந்த போராட்டத்தில், அக்டோபர் 10-ந் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர் இழந்தார்கள். தோழர்களே, "மார்க்கெட் விலையில் பாதிதான், நிபந்தனைப் பட்டா, அதையெல்லாம் சரி பண்ணிக் கொள்ளலாம்" என்று ஒருவன் உங்கள் காதில் சொன்னால், அவன் எந்த நிலத்தை விற்கிறான் என்று புரிந்து கொள்ளுங்கள். விலை பாதியாக இருப்பதற்குக் காரணம், அது வேறொரு ஏழையிடமிருந்து பறித்தது. உங்களுக்கும் நிலைக்காது, அவனுக்கும் திரும்பாது. நடுவில் இருப்பவன் மட்டும் கார் வாங்குவான்.

இப்போது வயல் தோழர்கள் பக்கம் வருவோம். "வீட்டுக்கு ஆசைப்படுகிற தொழிலாளி மூன்று சென்ட் வாங்கினால் உலகம் முழுகிப் போகுமா?" என்று ஆலைத் தோழர் கேட்கலாம். மூன்று சென்ட்டால் முழுகாது. அந்த மூன்று சென்ட் எப்படி உண்டாகிறது என்பதைப் பாருங்கள். வாய்க்கால் ஓரமாக இருக்கும் ஐந்து ஏக்கரை ஒருவன் வாங்குகிறான். மண்ணடித்து மேடாக்குகிறான். வாய்க்கால் மூடிப் போகிறது. அதற்குக் கீழே இருக்கும் வயல்களுக்குத் தண்ணீர் வரவில்லை. மழைக் காலத்தில் வடியவும் வழியில்லை. இரண்டு போகம் நஷ்டப்பட்ட சிறு விவசாயி, மூன்றாவது வருஷம் தானே புரோக்கரைத் தேடிப் போகிறான். முதல் ஐந்து ஏக்கருக்குத்தான் விலை. அடுத்த ஐம்பது ஏக்கர் அடிமாட்டு விலைக்கு வரும். ஒரு ஏக்கர் நடவுக்குப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இறங்குவார்கள். அந்த ஏக்கரில் வீடுகள் வந்த பிறகு அவர்களில் இரண்டு பேருக்குப் பாத்திரம் தேய்க்கும் வேலை கிடைக்கும். மற்றவர்கள் விடியற்காலை வேனில் ஏறி வெளியூருக்குக் கூலிக்குப் போவார்கள். வயலை வயலாக வைத்திரு என்கிற கட்டுப்பாடு, பட்டாதாரருக்கு மட்டும் சம்பந்தப்பட்டது அல்ல. பட்டாவில் பேர் இல்லாத அந்தப் பன்னிரண்டு பெண்களின் சோறு அதில் இருக்கிறது.

ஆனால் நம் சட்டங்கள் இதை எவ்வளவு தூரம் காக்கின்றன? காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020-ல் சட்டம் போட்டார்கள். எண்ணெய், எரிவாயுத் தோண்டல், செம்பு உருக்காலை, தோல் பதனிடும் ஆலை இவற்றையெல்லாம் புதிதாகத் தொடங்கத் தடை விதித்தார்கள். நல்ல காரியம்தான், அதற்காகப் போராடியவர்கள் விவசாயிகள்தான். ஆனால் நஞ்சையில் மனைக் கல் நடுவதை அந்தத் தடைப் பட்டியல் தொடவில்லை. பெரிய திருடனுக்குப் பூட்டு, ஜன்னல் வழியாக வருபவனுக்குக் கதவு.

பாலக்காட்டுப் பக்கம் சொந்தக்காரர்கள் உள்ள தோழர்களுக்குக் கேரளத்து நடைமுறை தெரிந்திருக்கும். 2008-ல் அங்கே நெல்வயல், நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வயலை மூடக் கூடாது என்பது பொது விதி. ஆனால் சொந்தமாகக் குடியிருக்க வேறு இடம் இல்லாதவருக்குக் கிராமத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட் வரை இடம் உண்டு. முதலில் அதைப் பார்ப்பது உள்ளூர்க் கண்காணிப்புக் குழு. அதில் பஞ்சாயத்துத் தலைவர், விவசாய அதிகாரி, கிராம அதிகாரி இவர்களோடு நெல் விவசாயிகளின் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். அந்தச் சட்டத்திலும் பிற்பாடு பல தளர்த்தல்கள் புகுந்தன, அது வேறு கதை. ஆனால் குடியிருக்க வீடு கேட்பவனையும், விற்று லாபம் பார்க்க ஐம்பது ஏக்கர் கேட்பவனையும் ஒரே தராசில் வைக்காமல் சட்டம் எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி. நம்மூரில் இரண்டு பேருக்கும் ஒரே ஜன்னல், ஒரே மனு. ஒருவனுக்கு மூன்று வாரம், இன்னொருவனுக்கு மூன்று வருஷம்!

தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கத் தடை இல்லை. கர்நாடகத்தில் இருந்தது, 2020-ல் அதை எடுத்து விட்டார்கள். ஓசூர்ப் பக்கத்துத் தோழர்கள் கேட்டதால் சொல்கிறோம்.

அப்படியானால் ஆலைத் தோழர் எங்கேதான் வாங்குவது? கிராம நத்தத்திலே விற்பனைக்கு வருகிற பழைய வீட்டு மனையை முதலில் பாருங்கள். குடியிருப்புக்கென்றே ஒதுங்கிய இடம், வயல் அழியாது, தெரு இருக்கும், மின்சாரம் இருக்கும். ஆனால் யாருடைய அனுபவத்தில் இருக்கிறது, எத்தனை வாரிசு, எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா என்பதைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். அடுத்தபடியாக, அனுமதி பெற்ற மனைப்பிரிவு. விலை அதிகம்தான். பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் பேரம் பேசலாம், வக்கீல் செலவையும் பங்கு போட்டுக் கொள்ளலாம்.

துண்டுச் சீட்டில் இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன.

ஒரு தோழர் எழுதுகிறார்: "2014-ல் வாங்கி விட்டேன், அங்கீகாரம் இல்லை, என்ன செய்வது?" 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்குத்தான் வரன்முறை விதிகள். ஆகவே உங்களுடையது அதற்குள் வரக் கூடும். மனு வாங்குகிற கெடு இப்போது திறந்திருக்கிறதா என்பதை நகர் ஊரமைப்புத் துறை மாவட்ட ஆபீசிலோ பி.டி.ஓ. ஆபீசிலோ நேரில் கேளுங்கள், தரகர் மூலம் வேண்டாம். மனை நீர்நிலையில் இருந்தால் வரன்முறை கிடையாது. அதைப் புலப்படத்தில் முதலில் பார்த்து விட்டு மனு எழுதுங்கள். வரன்முறை ஆகும் வரை அதன் மேல் கடன் வாங்கிச் சுவர் எழுப்ப வேண்டாம்.

இரண்டாவது சீட்டு வயல் தோழர் ஒருவரிடமிருந்து. "எங்கள் குடிசை இருக்கிற தோப்பை முதலாளி விற்கிறார். காலி பண்ணச் சொல்கிறார்கள்." அம்மா, உடனே காலி செய்ய வேண்டாம். விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனையை அவருக்கே சொந்தமாக்க 1971-ல் குடியிருப்புச் சட்டம் வந்தது. உங்கள் மாமனார் காலத்திலிருந்து அங்கே இருக்கிறீர்கள் என்றால் அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், கரண்ட் ரசீது, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்று, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். யாராவது வெற்றுக் காகிதத்தில் கைநாட்டுக் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தத் தோப்பை மனைபோட்டு விற்கப் போகிறார்கள் என்றால், வாங்க வருகிற வேனில் நம் ஆலைத் தோழர்களும் இருப்பார்கள். அவர்களுக்கும் இந்த விஷயம் தெரிய வேண்டும். ஆகவே சர்வே நம்பரை இன்றைக்கே எழுதிக் கொடுத்து விட்டுப் போங்கள். சங்க ஆபீசின் பலகையிலே எழுதிப் போடுகிறோம்.